வீட்டில் கற்கும் மீத்திறன் பிள்ளைகளுக்காக வன்னியின் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், துணுக்காய், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மடு, மன்னார், வவுனியா ஆகிய பகுதிகளின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பொது நூலகங்களை நடத்தும் பிரதேச சபைகளுக்கும், அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் இயங்கும் பல்கலைக்கழக பீடங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

பதின்ம வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் வன்னித் தாய் ஒருத்தியாக இம்மடலை எழுதுகிறேன். புதிய கட்டடமோ புதிய நியமனமோ கேட்பது என் நோக்கமன்று. வயதை மீறிய வேகத்தில் கற்கும் பிள்ளைக்கு வேண்டிய நூல், கருவி, ஆய்வுகூடம், வழிகாட்டக்கூடிய ஆள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்று வன்னிக்குள்ளேயே, பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது. ஆயினும் பாடசாலையின் பெயரால் கேட்டால் கிடைக்கும் அனுமதி, பெற்றோர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரே போய்க் கேட்கும்போது கிடைப்பதில்லை. குளம் நிறைந்திருந்தும் துருசு திறக்கப்படாத வயலின் நிலையில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். திறக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதனாலேயே உங்களுக்கு எழுதுகிறேன்.

வீட்டில் வைத்துக் கற்பிப்பது என்றவுடன், பாடசாலையை வெறுத்து ஒதுங்கிய குடும்பங்களைப் பற்றி நான் பேசுவதாக எண்ணிவிட வேண்டாம். இந்நாட்டில் பதினாறு வயது வரை கல்வி கட்டாயமானது. அந்த ஏற்பாட்டை நான் முழுமனதோடு மதிக்கிறேன். என் மகன் சாதாரண தரப் பரீட்சையைக் கிராமப் பாடசாலையிலிருந்தே எழுதினான். அவனுக்குக் கணிதத்திலும் பௌதிகவியலிலும்தான் நாட்டம். எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள உயர்தரப் பாடசாலையோ 1சி வகையைச் சேர்ந்தது. அங்கே கலைப் பிரிவும் வணிகப் பிரிவும் மட்டுமே உண்டு. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைக்கு நாள்தோறும் போய்வரப் பேருந்து நேரம் ஒத்துவராது. யாழ்ப்பாணத்திலோ வவுனியா நகரிலோ விடுதியில் சேர்த்துப் படிப்பிக்க எங்கள் வருமானம் இடந்தரவில்லை. ஆகவே அவன் வீட்டிலிருந்து படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற முடிவெடுத்தோம். இவனைப் போன்றவர்கள் ஒருபுறமிருக்க, பாடசாலைக்கு ஒழுங்காகப் போய்வந்துகொண்டே, வகுப்பில் நடப்பதைப் பார்க்க இரண்டு மூன்று தரங்கள் முன்னே போய்விட்டதால் மாலையிலும் விடுமுறையிலும் வீட்டிலேயே தம் உண்மையான படிப்பை நடத்தும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இம்மடல் அவர்களுக்காகவும்தான்.

மீத்திறன் என்பதைப் பரீட்சைப் புள்ளியாக மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுலி 1978 இல் முன்வைத்த கருத்து, சராசரிக்கு மேலான ஆற்றல், படைப்பாக்கம், எடுத்த பணியில் விடாப்பிடி ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்பதாகும். மூன்றாவதாக அவர் கூறியது எங்கள் பிள்ளைகளிடம் நிறையவே உண்டு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு விடாப்பிடியைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் கல்விமுறையில் இத்தகைய பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடாக இருப்பது தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை ஒன்றுதான். பத்து வயதில் அந்த ஒரு காலைப்பொழுதில் தன்னைக் காட்ட முடியாமற்போன பிள்ளையும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் திடீரென விழித்துக்கொண்ட பிள்ளையும் அதன் பிறகு எவர் கணக்கிலும் வருவதில்லை. பதின்ம வயதில் விழித்துக்கொள்ளும் பிள்ளைகள் பலர் என்பதைத் தாய்மார் அறிவோம்.

அப்பிள்ளைகளுக்கு வீட்டில் துணையிருக்கும் பெற்றோர் யார் என்பதையும் நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இன்று பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகளின் தாய் தந்தையரான நாங்கள், மரநிழலிலும் தறப்பாள் கொட்டகையிலும் படித்து, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, சாதாரண தரத்தையோ உயர்தரத்தையோ பாதியில் விட்டவர்கள். இணைந்த கணிதத்தில் என் மகன் தடுமாறும் இடத்தில் அவனுக்கு விளக்கம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நேரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்கவும், எந்த நூல் எங்கே கிடைக்கும் என்று தேடிப் பிடிக்கவும், அவன் சொல்வதைக் கேட்டு, விளங்காத இடத்தில் கேள்வி கேட்கவும் என்னால் முடியும். விளக்கிச் சொல்ல முயலும்போதுதான் பிள்ளை தன் விளக்கத்தின் ஓட்டையைக் காண்கிறது என்பதை இந்தக் காலத்தில் நான் நேரிற் கண்டேன். கற்பிக்கத் தகுதியற்றவர்கள் என்று எங்களை ஒதுக்காமல், வளங்களுக்குப் பிள்ளையை இட்டுச்செல்லும் ஆட்களாக எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் நூல்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இதில் நிலைமை பலர் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். தேசிய கல்வி நிறுவகம் உயர்தரப் பாடங்களுக்கு ஆசிரியர் வழிகாட்டிகளையும் வளநூல்களையும் தமிழில் வெளியிட்டிருக்கிறது. ஆசிரியருக்கென எழுதப்பட்ட அந்த வழிகாட்டிதான் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு மிகவும் பயனுள்ள ஆவணம். எதை எந்த ஒழுங்கில், எவ்வளவு ஆழத்துக்குப் படிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். பாடத்திட்டத்துக்கு அப்பாற் செல்லும் பிள்ளைக்கு 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய எண்ணிம நூலகம் ஒரு புதையல். சுயமொழிக் கல்வி பல்கலைக்கழகம் வரை விரிந்த 1960களில், அரசகரும மொழித் திணைக்களம் உயர் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், விலங்கியல் முதலிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டது. அவற்றுட் சிலவற்றை இன்று அங்கே பக்கம் பக்கமாக வாசிக்கலாம். அச்சில் இல்லாத அந்த நூல்களின் நடை சற்றுக் கடினமானதாயினும், ஒரு தேற்றத்தை அடிமுதல் நிறுவிக் காட்டும் பொறுமை அவற்றில் இருக்கிறது. வினாவிடைத் தொகுப்புகளை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பொறுமைதான் தேவைப்படுகிறது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆகவே உயர்ந்த அறிவியலுக்குத் தமிழில் நூலில்லை என்று எவரும் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் முந்நூறு பக்கக் கணித நூலை ஒரு சிறிய கைத்தொலைபேசித் திரையில் விரல்களால் பெருப்பித்துப் பெருப்பித்து எப்படிப் படிப்பது? ஒருமுறை தரவிறக்குவதற்கே டேட்டாவுக்குப் பணம் வேண்டும். பக்கம் பக்கமாக அச்செடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்குத் தாங்காது. பிரதேச சபைகளை நான் வேண்டுவது இதுதான்: உங்கள் பொது நூலகங்களில் உசாத்துணைப் பகுதியின் ஒரு மூலையில் இத்தகைய நூல்களை அச்செடுத்துக் கட்டி, உரிமை தொடர்பான அனுமதி வேண்டியவற்றுக்கு அதைப் பெற்று, ஒரு தட்டை ஒதுக்குங்கள். கதைநூலுக்குரிய இரண்டு வார இரவற் காலத்தை இந்நூல்களுக்கும் விதிக்காதீர்கள். ஒரு நுண்கணித நூல் ஒரு தவணை முழுவதும் பிள்ளையின் மேசையில் இருக்க வேண்டியது. சிறுவர் பகுதிக்கு வயது கடந்துவிட்டது, வளர்ந்தோர் பகுதிக்கு வயது போதாது என்று பதினான்கு வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்தும் வழக்கம் எங்காவது இருந்தால் அதையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

இணையத்தில் மீத்திறன் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் வளங்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஆங்கிலமும் கடனட்டையும் தடையற்ற இணைப்பும் உள்ள வீட்டை மனத்திற்கொண்டு அமைந்தவை. மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் தன் பாடங்களை எவரும் பயன்படுத்தத் திறந்துவிடுவதாக 2001 இல் அறிவித்தது. அவை இன்றும் இலவசம்தான், ஆனால் காணொளி ஓட இணையம் வேண்டும். இதற்கு எளிய மாற்று உண்டு. கைவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு நினைவக அட்டையில் ஏற்றிவிடலாம். ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணினி ஒன்றை நூலகத்தில் வைத்தால், இணைய இணைப்பே இல்லாமல் சுற்றியுள்ள கைத்தொலைபேசிகள் அதனோடு வைஃபை மூலம் இணைந்து அதிலுள்ள யாவற்றையும் வாசிக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய, திரையிலேயே பரிசோதனை செய்துபார்க்கும் ஃபெட் பாவனையாக்கங்களுட் பல தமிழிலும் உண்டு. மின்சுற்று, ஊசல், அலை என்பவற்றைப் பிள்ளை தானே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வடிவியலுக்கும் வரைபுக்கும் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் இருக்கிறது. வலயத்தின் கணினி வள நிலையங்களில் இவற்றை ஒருமுறை நிறுவி, பென் ட்ரைவுடன் வரும் பெற்றோருக்குப் படியெடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு ஓர் அலுவலரின் அரைநாட் பொழுதே போதும்.

வானியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு வன்னி தரும் வளம் வேறெந்த நகரத்திலும் கிடைக்காதது. ஏறத்தாழ ஒன்பது பாகை வட அகலாங்கில் இருப்பதால், துருவ விண்மீனை வடக்கு அடிவானுக்குச் சற்று மேலேயும், பருவம் வரும்போது தென்சிலுவையைத் தெற்கிலும் நாங்கள் பார்க்கிறோம். குளக்கட்டில் நின்றால் மரமோ விளக்கோ மறைக்காத வானம். ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருளில் அன்றைய வானத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போனால் வெறுங்கண்ணாலேயே கற்கத் தொடங்கலாம். உயிரியலில் நாட்டமுள்ள பிள்ளைக்குச் சுண்டிக்குளமும், 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலையும் இருக்கின்றன. வலசை வரும் பறவைகளை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எண்ணிக் குறித்து வைத்தால், அந்தக் குறிப்பேடே ஓர் ஆய்வாகிவிடும். ஒரு தொலைநோக்கியும் சில இருகண் நோக்கிகளும் வலயத்தில் இருந்தால், அவற்றைப் பொறுப்புக் கடிதத்தின் பேரில் பெற்றோருக்கு இரவல் கொடுங்கள் என்பதே இங்கு என் வேண்டுகோள்.

இனி ஆய்வுகூடம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் கற்கும் பிள்ளை மிகவும் பின்தங்கிப்போகும் இடம் இதுதான். உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் செய்முறைகளைத் தழுவியே வருகின்றன. வேணியர் இடுக்கிமானியின் பூச்சிய வழு, அழுத்தமானிக் கம்பியில் சமநிலைப் புள்ளியைத் தேடும் விதம், நியமிப்பின்போது முடிவுப்புள்ளிக்குச் சற்று முன் அளவியின் திருகை எவ்வளவு மெதுவாகத் திறக்க வேண்டும் என்பன கையாற் செய்த பிள்ளைக்குத் தெரியும். படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு மனப்பாடமாகத்தான் தெரியும். மீத்திறன் பிள்ளைக்கு இது புள்ளியைவிடப் பெரிய இழப்பாகும். அளக்கப்பட்ட பெறுமானம் நூலிற் சொன்னதோடு ஒத்துவராதபோது ஏன் என்று தேடுவதுதான் அத்தகைய பிள்ளையின் மனம் மிகவும் விரும்பும் வேலை. பாவனையாக்கத்தில் எல்லா அளவீடும் ஒத்துவந்துவிடுகிறது.

இதற்காக நான் ஒரு பாடசாலையை அணுகியபோது அதிபர் மரியாதையாகவே பேசினார். கண்ணாடிக் கருவி உடைந்தால் யார் பொறுப்பு, அமிலம் கையிற் பட்டால் யார் பதில் சொல்வது, பதிவில் இல்லாத பிள்ளையை எந்தச் சுற்றறிக்கையின் கீழ் உள்ளே விடுவது என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடையில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அவ்வாறே கேட்டிருப்பேன். அந்த விடையை எழுதித் தர வேண்டியவர்கள் நீங்கள். வலயத்துக்கு ஒரு 1ஏபி பாடசாலையையாவது தெரிந்தெடுத்து, விடுமுறைக் காலத்திலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையிலும் அதன் ஆய்வுகூடத்தை வீட்டில் கற்கும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கும் 1சி பாடசாலைகளின் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். பெற்றோர் கையொப்பமிடும் பொறுப்புப் பத்திரம் ஒன்றும், உடைந்தவற்றுக்கான சிறு வைப்புப் பணமும், அன்று கடமைபுரியும் ஆய்வுகூட உதவியாளருக்கோ ஆசிரியருக்கோ உரிய கொடுப்பனவும் இருந்தால் போதும். அக்கொடுப்பனவில் ஒரு பங்கைப் பெற்றோராகிய நாங்கள் ஏற்கத் தயாராக இருக்கிறோம்.

பல்கலைக்கழகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் படித்த காலத்தில் வன்னிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்பது பெரும்பாலும் ஆனையிறவுக்கு அப்பால் இருந்த ஒன்று. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமாகி, பிரயோக விஞ்ஞான பீடத்தோடு பம்பைமடுவில் இயங்குகிறது. அங்குள்ள நூலகங்களில், வலயக் கல்விப் பணிப்பாளரின் பரிந்துரைக் கடிதத்தோடு வரும் பிள்ளைக்கு, இரவல் கொடுக்காவிட்டாலும் உள்ளிருந்து வாசிக்கும் அனுமதியைத் தாருங்கள். விடுமுறைக் காலத்தில் விரும்பும் இளநிலைப் பட்டதாரி மாணவர் ஒருவர் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தம் பொறுப்பில் எடுத்து, வாரம் ஒரு மணி நேரம் அவர்களின் கேள்விகளைக் கேட்டால், அது எங்கள் வீடுகளில் ஏற்படுத்தும் மாற்றத்தை உங்களால் எண்ணிப் பார்க்க முடியாது. பதினைந்து வயதில் தன் கேள்வியைப் புரிந்துகொண்டு மேலும் ஒரு கேள்வி கேட்கும் ஒரு மனிதரைச் சந்திப்பது, எத்தனை நூலாலும் ஈடுசெய்ய முடியாதது.

என் பிள்ளை உண்மையில் எந்த மட்டத்தில் இருக்கிறான் என்பதை அறிவது எங்களைப் போன்ற பெற்றோருக்குப் பெரும் பாடு. தாய்மனம் கூட்டியும் மதிப்பிடும், அச்சத்தாற் குறைத்தும் மதிப்பிடும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971 இல் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வில், பல்கலைக்கழக அனுமதிக்காகப் பதினேழு, பதினெட்டு வயதினர் எழுதும் பரீட்சையையே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தம் வகுப்புப் பரீட்சையில் எல்லாரும் தொண்ணூறுக்கு மேல் எடுத்து ஒரே மாதிரித் தெரிந்த பிள்ளைகளிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. நமக்கு இதற்கென்று புதிய பரீட்சை தேவையில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் இருக்கின்றன. வலயங்களில் பாடத்துறை ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தரம் எட்டில் இருக்கும் ஒரு பிள்ளை சாதாரண தரக் கணித வினாத்தாளை ஓர் ஆலோசகரின் முன்னிலையில் எழுதி, அவர் அதைத் திருத்தி, எங்கே ஆழமாகத் தெரிகிறது, எங்கே இடைவெளி இருக்கிறது, அடுத்து எதைப் படிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால், பெற்றோர் அதை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டுக்கு வழி நடக்கலாம். இதற்குப் பட்டமோ பரிசளிப்பு விழாவோ வேண்டாம். நாளிதழிற் படமும் வேண்டாம். அத்தகைய வெளிச்சம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்மையைவிடக் கேட்டையே அதிகம் செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

ஒலிம்பியாட் போன்ற போட்டிகளின் அறிவித்தல்கள் பெரிய பாடசாலைகளின் பலகையோடு நின்றுவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அவற்றை வலய அலுவலகத்தின் வெளிப்பலகையிலும் பொது நூலகங்களிலும் ஒட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959 முதல் கேட்ட வினாக்கள் அனைத்தும் பொதுவில் கிடைக்கின்றன. நாளுக்கு மூன்று வினா, அதற்கு நாலரை மணி நேரம். போட்டிக்குப் போகாவிட்டாலும், ஒரே வினாவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டும் பழக்கம் வேகமாகக் கற்கும் பிள்ளைக்கு மிகவும் வேண்டியது. எல்லாம் இலகுவாக வந்தே பழகிய பிள்ளை முதன்முதலாகத் தடுக்கி விழும் இடம் பல்கலைக்கழகமாக இருந்துவிடக் கூடாது.

சராசரிப் பிள்ளைக்கே ஆசிரியர் இல்லாத வலயங்களில், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக எதற்கு இந்தச் சிரமம், அவர்கள் எப்படியும் முன்னேறிவிடுவார்கள் என்று சிலர் சொல்வதை நான் அறிவேன். அந்தக் கேள்வியில் நியாயமான அக்கறை இருக்கிறது. ஆனால் அவர்கள் எப்படியும் முன்னேறிவிடுவதில்லை. சலித்துப்போய் ஒதுங்குகிறார்கள், குறும்புக்காரர் என்று பெயரெடுக்கிறார்கள், பெண்பிள்ளையாயின் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் மத்திய கல்லூரிகளை நாட்டுப்புறங்களில் நிறுவியதும், கிராமத்து ஏழை வீட்டின் திறமையான பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு ஒரே நிலையில் நிற்க வேண்டும் என்பதற்காகவே. இன்று மாவட்ட ஒதுக்கீடும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து வீதமும் எங்கள் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோய்விடுகின்றன. உள்ளே போனபின் கொழும்பிலும் கண்டியிலும் எல்லா வசதியோடும் படித்த பிள்ளையின் பக்கத்தில் இருந்து அதே விரிவுரையைக் கேட்க வேண்டும். அதற்கான ஆயத்தத்தை எந்த ஒதுக்கீட்டாலும் கொடுக்க முடியாது. அன்றியும், நான் கேட்கும் தட்டும் ஆய்வுகூட நாளும் வந்துவிட்டால், அவற்றுக்குள் வர எந்தப் பிள்ளையையும் தடுக்க வேண்டியதில்லை. ஆர்வத்தோடு வருபவர் எவரும் வரட்டும்.

அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் மூன்று காரியங்களை மட்டும் செய்து தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். தனிப்பட்ட பரீட்சார்த்திகளை ஆய்வுகூடத்திலும் கணினி வள நிலையத்திலும் அனுமதிப்பதற்கான சுற்றறிக்கை ஒன்றை மாகாணக் கல்வித் திணைக்களம் வெளியிட வேண்டும். ஒவ்வொரு வலயத்திலும் எங்களைப் போன்ற பெற்றோர் அணுகுவதற்கென்று ஓர் ஆசிரிய ஆலோசகரைப் பெயர் குறித்து அறிவிக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களோடும் பிரதேச சபைகளோடும் வாசிப்பு அனுமதி பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அக்கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைப்பீர்களாயின், மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் முழங்காவிலிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் நாங்கள் எங்கள் செலவிலேயே வருவோம்; எந்த நூல் எத்தனை படி வேண்டும், எந்தக் கருவி எங்கே பூட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் எழுதிக் கொண்டுவந்து தருவோம்.

இங்ஙனம்,
துணுக்காய் வலயத்தில் வாழும் ஒரு தாய்